தகரத்துக்கு ஏற்ற பொம்மை

நாய்களைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நாய் என்றால் இன்றைக்கும் எனக்குப் பயம். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் நான். அதை இழுத்து மூடிய பிறகு, யாரோ யாரிடமோ சொல்லி, கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இந்தக் காப்பகத்தின் முன்னறையில் ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. தொலைபேசியை எடுக்க வேண்டும். நாயைத் தத்தெடுக்க வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். கூட்டிப்போவேன்; இரண்டு பக்கக் கம்பியிலும் சட்டை படாமல் நட்டநடுவே நடப்பேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எழுத நினைப்பது மூட்டையக்காவைப் பற்றி. அவரைப் பற்றி எழுதினால் நாய் குறுக்கே வந்துதான் தீரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் மூட்டையக்காதான். காலையில் வரும்போதே தோளில் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். உள்ளே பழைய துண்டு, முட்டை அட்டை, துணிக்கடையில் தூக்கிப்போட்ட அட்டைக் குழாய், கயிற்றுத் துண்டு, மூடி போன டப்பா. குப்பை பொறுக்குகிறவர் என்று நினைத்து வாசல் காவலாளி முதல் நாள் விரட்டிவிட்டாராம். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே மூட்டையை வைத்து உட்கார்ந்து, உள்ளேயிருந்து யாராவது வரட்டும் என்று காத்திருந்தாராம். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே அவரிடம் எனக்கு ஒரு மரியாதை.

காப்பகத்தில் அவருக்குக் கூட்டிக் கழுவுகிற வேலை. அதை முடித்துவிட்டு அவராக எடுத்துக்கொண்டதுதான் இந்த விளையாட்டுச் சாமான் வேலை. கூண்டிலேயே கிடக்கிற நாய்க்குச் சாப்பாடும் ஊசியும் மட்டும் போதாது. செய்வதற்கு ஏதாவது வேண்டும். இல்லையென்றால் தன் வாலையே கடிக்கும், தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். தெரிந்தபோது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த மாதங்களில் நானும் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தவன்தான்.

எந்த நாய்க்கு எந்தப் பொம்மை என்று அக்கா எடுத்த எடுப்பில் முடிவு செய்ய மாட்டார். புது நாய் வந்தால் முதலில் ஒரு வெறும் அட்டைப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். ஒரு நாய் பெட்டியைக் கிழிக்கும். ஒன்று அதற்குள் மூக்கை விட்டு மோந்துகொண்டே இருக்கும். ஒன்று தரையைப் பிறாண்டும். இன்னொன்று பெட்டியைக் கண்டதும் மூலையில் ஒண்டும். கிழிக்கிறதுக்குக் கயிறு, மோந்து பார்க்கிறதுக்குத் துண்டுச் சுருளுக்குள் ஒளித்துவைத்த தீனி, பிறாண்டுகிறதுக்குக் கிழிசல் துணி நிரப்பிய தொட்டி. ஒண்டுகிறதுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நன்கொடையாக வரும் பொம்மைகளும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் துளியாவது பதிய வேண்டும்; பதியாத சாமான் பல்லை உடைத்துவிடும். வாய்க்குள் முழுசாகப் போகிற அளவில் இருந்தால் ஒதுக்கிவிடுவார். துணிப்பொம்மைகளின் பொத்தான் கண்ணைப் பிடுங்கி, வயிற்றைக் கிழித்துக் கீச்சுமூச்சென்று கத்தும் குமிழை எடுத்துவிட்டுத் திரும்பத் தைப்பார். ஒருமுறை ஒரு பெரிய மனிதர், பேட்டரி போட்டால் தானாக உருண்டு பாட்டுப் பாடும் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் விட்டதும் மொத்தக் காப்பகமும் ஊளையிட்டது. அது என் பக்கம் உருண்டு வந்தபோது நானும் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பந்தைத் துண்டால் மூடினார்.

"பொம்மை ஆடக்கூடாது சார். நாய்தான் ஆடணும்" என்றார்.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். சொன்னார். அவருடைய அக்கா ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனார். குழந்தையை வளர்க்க ஆள் இல்லை. இவர் எடுத்துக்கொண்டார், தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பெரிய வீடுகளில் தங்கி வேலை செய்தார். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுப்பார்கள். குழந்தை இருக்கலாம், சத்தம் வரக்கூடாது. அதுதான் எல்லா வீட்டிலும் நிபந்தனை. அதனால் சத்தம் வராத, சீக்கிரம் அலுத்துப்போகாத சாமானாகத் தேடித் தேடிக் குழந்தை கையில் கொடுப்பாராம். நூல்கண்டுக் கட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று போகிற மூடிகள், முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சை அவிழ்த்து முடித்தால் சித்தி வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்தாராம்.

"அவ அழுததே இல்ல சார். இருக்கிற இடமே தெரியாது. நல்ல புள்ளன்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் பெண் இப்போது வேறொரு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறாள். மதிய வேளையில் எப்போதாவது கூப்பிடுவாள்.

இனித் தகரம். ஒரு கார் பட்டறைக்குப் பின்னால் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய் அது. பட்டறைக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது சங்கிலியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். பின்வரிசைக் கூண்டு ஒன்றில் விட்டோம். அந்தக் கூண்டின் பின்பக்கத் தடுப்பு தகரம். நாள் முழுக்க அது சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தகரத்தில் உடம்பை மோதும். நின்றால் காலை நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். மழை நாளில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பது போல முன்னறையில் எனக்குக் காது அடைத்துப்போகும். தகரம் என்று பேர் வைத்தது நான்தான். திட்டுவதற்காக வைத்த பேர் அதற்கே நிலைத்துவிட்டது.

அட்டைப் பெட்டி வைத்தால் அது பார்க்கவே இல்லை. கயிறு வேண்டாம், பந்து வேண்டாம். பலகையில் குழி வெட்டி, குழிகளை நகர்த்துகிற மூடியால் மூடி, உள்ளே தீனி ஒளித்து வைக்கும் விளையாட்டுப் பலகை ஒன்று உண்டு. டாக்டரம்மா ஆசையாக அதைக் கொண்டுவந்து வைத்தார். தகரம் ஒரு மூடியை மூக்கால் தள்ளிப் பார்த்தது, நகரவில்லை. மறுபடி தகரத்தில் மோதப் போய்விட்டது.

"எடுத்த உடனே தோத்துப்போச்சுன்னா அப்புறம் அந்தப் பக்கமே வராதும்மா. மொதல்ல அது ஜெயிக்கணும்" என்று அக்கா அதை எடுத்துவிட்டார்.

ஒரு நக்குத் தட்டில் ஆரம்பித்தார். மேடுபள்ளமான ரப்பர் தட்டு. அதில் வேகவைத்த பூசணியை மசித்துத் தடவினால் நக்கித்தான் எடுக்க முடியும். நக்க நக்க நாய்க்கு மூச்சு நிதானப்படும் என்பார். அடுத்து நடுவில் குழியான ரப்பர் பொம்மை. முதலில் அதில் தீனியைத் தளர்வாகப் போட்டு, கவிழ்த்தாலே கொட்டும்படி கொடுத்தார். பிறகு கொஞ்சம் இறுக்கி. பிறகு இறைச்சியும் பூசணியும் அடைத்து, குளிர்பெட்டியில் உறைய வைத்து. மழை தொடங்கும் முன் தகரம் சுற்றுவது நின்றது. காலை நக்குவதும் நின்றது. உறைந்த பொம்மையை இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, நாள் முழுக்க அதிலேயே கண்ணும் கருத்துமாக இருக்கும்.

முன்னறையில் எனக்கு அமைதி கிடைத்தது. செயலாளர், அதாவது காப்பகத்தை நடத்துகிறவர், அக்காவைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அக்கா அன்று மூட்டையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டே நின்றார். பாராட்டைக் கேட்டால் கையை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் தெரியாது.

அந்த மழையில்தான் பின்சுவர் விரிசல் விட்டது. பார்க்க வந்த கொத்தனார், பின்வரிசை முழுவதையும் இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இடம் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் பின்வரிசை நாய்களுக்கு வீடு கிடைக்க வேண்டும். கிடைக்காதவை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பட்டிக்குப் போகும். அங்கே கூண்டு கிடையாது. ஒரே திறந்த வெளியில் நூற்றுக்கணக்கில் அவிழ்த்துவிட்டிருப்பார்கள். பலமான நாய் சாப்பிடும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டரம்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

"தகரத்த அங்க அனுப்பினா, அது மூலையில ஒக்காந்தே செத்துப்போகும்" என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவரே வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். ஒற்றை அறை வாடகை வீடு. நாய் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டில் மனைவிக்கு மூச்சிரைப்பு. அது இல்லாவிட்டாலும் நான் வளர்த்திருக்க மாட்டேன். உண்மையைச் சொல்வதில் என்ன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்தார்கள். நான் கூட்டிப்போனேன். மற்ற நாய்கள் கம்பியில் தாவி, குழைந்து, கையை நக்கி, ஆளை மயக்கிவிடும். தகரத்தின் கூண்டு முன்னால் வரும்போது, வருகிறவர்களுக்கு ஒரு முதுகு தெரியும். வாலும் தெரியும். அக்கா ஞாயிற்றுக்கிழமை என்றே ஸ்பெஷலாக அடைத்து உறைய வைத்த பொம்மையை அது அந்தப் பக்கம் திரும்பி நோண்டிக்கொண்டிருக்கும். சுற்றாது, மோதாது, குரைக்காது. அக்கா தூரத்தில் துடைப்பத்தோடு நின்று, எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது பாருங்கள் என்பது போல வருகிறவர்கள் முகத்தையே பார்ப்பார். அவர்கள் ஒரு கணம் நிற்பார்கள், அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு குழந்தை, "இது தூங்குதா?" என்று கேட்டது. பின்வரிசை ஒவ்வொன்றாகக் காலியானது. தகரம் இருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு அமைதியான நாயை ஏன் ஒருவரும் எடுப்பதில்லை என்று செயலாளரிடம் கத்தினேன். அவருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோருமே அது குரைப்பதை நிறுத்தியதைக் கொண்டாடிக்கொண்டிருந்தவர்கள்.

அந்த வாரம் மதியம் அக்கா முன்னறையில் உட்கார்ந்து பொம்மை கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய அக்கா மகள் கூப்பிட்டாள். கை முழுக்கச் சோப்பு. நான் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். சுவர், பட்டி, தகரம்.

"இவ்ளோ நல்ல நாய் பாப்பா. ஆளு வந்தா ஒரு சத்தம் இல்ல. தன் பாட்டுக்கு வெளையாடிட்டு இருக்கும். ஒருத்தருக்கும் கண்ணு தெரியல போல."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சித்தி, கோச்சுக்காதீங்க. நானும் அப்படித்தான இருந்தேன். அந்த மூடியெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நெஜமாவே பிடிக்கும். ஆனா அத்தன வருஷம் அந்த வீடுகள்ல இருந்தேன், வந்து போனவங்க ஒருத்தருக்காவது நான் இருந்தது தெரியுமா? இப்பகூட ஆபீஸ்ல யாராவது பேசவந்தா எனக்கு மொதல்ல தலை குனிஞ்சுதான் போகுது. நிமிர்ந்து பாக்கணும்னு நானே எனக்குச் சொல்லிக்கணும்."

"உன்ன நான்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"உங்களச் சொல்லல சித்தி. வேற வழியே இல்ல, எனக்குத் தெரியாதா? நாயப் பத்தித்தான் சொல்றேன்."

பேச்சு முடிந்த பிறகும் அக்கா அந்த ரப்பர் பொம்மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. நான் எழுந்து வெளியே போனேன். மனிதர்கள் அழும்போது பக்கத்தில் நிற்க எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பொம்மையே கொடுக்கவில்லை. சும்மா இருந்தால் ஆளைப் பார்க்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு தப்பிப்போனது. மாதக்கணக்கில் கேட்காத அந்தத் தகரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஒரு கணவன், மனைவி, சின்னப் பெண் குழந்தை என்று ஒரு குடும்பம் கூண்டின் முன்னால் நின்றபோது அது சுற்றிச் சுற்றி வந்து, வாயில் நுரை தள்ள, தடுப்பில் மோதியது. குழந்தை வீறிட்டது. நான் குழந்தைக்கும் முன்னால் ஓடிவிட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செயலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இருக்கிற பேரும் போச்சு. பட்டிக்கு அனுப்புற வண்டில மொத ஆளா இதைத்தான் ஏத்தணும்" என்றார்.

அக்கா கூண்டுக்குள் போய் நக்குத் தட்டை வைத்துவிட்டு அது அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பொம்மை கொடுத்தால் முதுகு. கொடுக்காவிட்டால் மோதல். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. அதற்கு அவர் படித்தவரும் இல்லை, மேதையும் இல்லை. வேறு வழி இல்லாதவர், அவ்வளவுதான்.

மறுநாள் மூட்டையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்தது, தண்ணீர்க் குழாய்க்காரர்கள் வெட்டி எறிந்த துண்டு. அதைக் கூண்டின் முன்பக்கக் கம்பியில் சாய்வாகக் கட்டினார். வாய் உள்ளே, வால் வெளியே. குழாயின் நடுவில் துளை போட்டு ஒரு மரக்குச்சியைச் செருகி, குச்சியில் ஒரு கயிறு. வெளியே நிற்கிறவர் கயிற்றை இழுத்தால் குச்சி நகரும், தீனி உள்ளே உருண்டு விழும். நாய் எவ்வளவு பிறாண்டினாலும் கடித்தாலும் அது திறக்காது. வெளியே ஓர் ஆள் இருந்தால்தான் அந்தப் பொம்மை பொம்மை.

"தனியா வெளையாட முடியாத சாமானா இருக்கணும் சார். எல்லா சாமானையும் நான் தனியா வெளையாடறதுக்குன்னே பாத்துப் பாத்து எடுத்திருக்கேன்" என்றார்.

முதலில் அவரே கயிற்றை இழுத்தார். தகரம் வந்தது, தின்றது, அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்தவுடன் இழுப்பார். பார்க்காவிட்டால் காத்திருப்பார். சீக்கிரமே அது கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது. நான் கை தட்டாத குறை. அக்காவுக்குத் திருப்தி இல்லை.

"என்னைப் பாத்து என்ன பிரயோஜனம்? என்னைத்தான் அதுக்குத் தெரியுமே. நீங்க வாங்க."

"நானா? வெளையாடறீங்களா?"

"நீங்கதான் சார் சரி. உங்களுக்கு அதைப் பிடிக்காது, அதுக்கும் உங்களைப் பிடிக்காது."

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போய் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் முதல் கயிற்றை இழுத்தேன். தீனி விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கிறேன், அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குப் பின்னால் கிடந்த நாய் ஒரு மனிதனை அப்படிப் பார்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு தண்ணீர் லாரிக்காரர் இழுத்தார். காவலாளி, டாக்டரம்மாவின் தம்பி, கொத்தனார், வழி கேட்க வந்த ஒருவர், எல்லோரும் இழுத்தார்கள். அக்கா வருவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். அவர் கண்ணில் பட்டால் தகரம் கயிற்றுக்காரரை விட்டுவிட்டு அவரைத் தேடியது. அதனால் அந்தப் பகுதியைக் கூட்டுகிற வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த அறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு, குறுக்குச் சட்டங்கள் போட்டது. அதன் வழியாக வாசல் தெரியும், கூண்டு தெரியாது. கண்ணால் பார்க்காமல் இருந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, நான் உள்ளே போகும்போதெல்லாம் "சாப்டுச்சா? நிமிர்ந்து பாத்துச்சா?" என்று கேட்ட குரலிலேயே தெரியும். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று திட்டியும் பார்த்தேன். சொன்னால் சொன்னதுதான். அசையவில்லை.

மழை ஓயப்போகிற சமயத்தில் ஒரு தையல்காரம்மா வந்தார். வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவர், தனியாக இருக்கிறவர். அதிகம் பேசவில்லை. குட்டி நாய்தான் வேண்டும் என்று வந்தவர், முன்வரிசையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பின்னால் நடந்தார். அங்கே இருந்ததே தகரம் ஒன்றுதான். நான் வழக்கம் போலக் கயிற்றைக் காட்டினேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இழுத்தார். தீனி விழுந்தது. தின்றுவிட்டு அது அவரைப் பார்த்தது. மறுபடி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் குழாய் காலியாகிவிட்டது. நான் நிரப்பப் போனேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தீனி இல்லை. குழாயில் ஒன்றும் விழப்போவதில்லை. இப்போது சுற்ற ஆரம்பிக்கும், தகரத்தில் மோதும், இந்த அம்மாவும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். தகரம் திரும்பி மூலைக்குப் போனது. வந்த புதிதில் அக்கா போட்டு, அது தொடாமலே கிடந்த கயிற்றுத் துண்டை வாயில் எடுத்துக்கொண்டு வந்தது. கம்பிக்கு நடுவே அதன் ஒரு நுனியை வெளியே நீட்டியது. தையல்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அது இழுத்தது, அவர் இழுத்தார். எவரும் அதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இதை எப்பக் கூட்டிட்டுப் போலாம்?" என்று அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

மூக்கைச் சிந்துவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இரண்டொரு நாளில் அவர் வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கழுத்துப்பட்டை மாட்டினார். எந்தச் சாமானை எப்போது கொடுக்க வேண்டும், எதைக் கொடுத்தால் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நூல் பிரிந்தால் எப்போது தூக்கிப்போட வேண்டும் என்று அக்கா என்னிடம் சொல்லி அனுப்பியதையெல்லாம் நான் ஒப்பித்தேன். உறைய வைக்கிற பொம்மையைத் தனியாக விட்டுப் போகிற நேரத்தில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், ஆள் வீட்டில் இருக்கும்போது கொடுக்கவே கூடாது என்பதை இரண்டு தரம் சொல்லச் சொல்லியிருந்தார். இரண்டு தரம் சொன்னேன்.

நடுவில் சாமான் அறைக்கு ஓடினேன். அவர் ஜன்னல் பக்கம்கூடப் போகாமல் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவ வந்து தடவிக் குடுத்துட்டு வாங்கக்கா. போகப்போகுது."

"வேண்டாம் சார். நான் வந்தா அது எங்கிட்ட வரும். அப்புறம் அந்தம்மா இழுத்துட்டுப் போகணும். மொத நாளே இழுத்துட்டுப் போறதா?"

திரும்பி வந்தேன். தையல்காரம்மா முன்னால் நடந்தார். தகரம் அவருக்குப் பக்கத்தில், நாலு அடிக்கு ஒருமுறை தலையை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தபடி நடந்தது. சாமான் அறையைத் தாண்டியது. வாசலைத் தாண்டியது. வண்டிக்குள் அவர் முதலில் ஏறினார், அது பின்னாலேயே ஏறியது. ஒருமுறைகூட அது இந்தப் பக்கம் திரும்பவில்லை. உயிரைக் கொடுத்துத் தேற்றியவர் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், நன்றி கெட்ட ஜென்மம், ஒரு தரம் மோந்தாவது பார்க்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

உள்ளே போனேன். அக்கா எழுந்து நின்றார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"திரும்பிப் பாத்துச்சா சார்?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்று சொல்வது? மனசு கேட்கவில்லை.

"பாத்துச்சுக்கா. வாசல்ல நின்னு, இந்தப் பக்கமே பாத்துச்சு. அந்தம்மா கூப்பிட்டும் போகல."

நான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. பக்கத்திலிருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"நின்னுச்சா? கூப்பிட்டும் போகலையா? ஐயோ, அப்ப இன்னும் சரியாகலையே சார். நான் அவசரப்பட்டுட்டேன். அங்க போயி மறுபடி செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குமே. வண்டிய நிறுத்துங்க, அந்தம்மாகிட்ட நான் பேசணும்..."

"அக்கா, அக்கா, பொய் சொன்னேன்" என்றேன். "அது பாக்கல. ஒரு தடவ கூடத் திரும்பல. அந்தம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் போச்சு."

"நெஜமா?"

"நெஜமா. என் மேல சத்தியம்."

அவர் மறுபடி அந்தத் துணி மூட்டை மேல் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமே வராமல், வெகுநேரம் அழுதார். இந்தத் தடவை நான் வெளியே போகவில்லை.